ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காலமான கையோடு அவருடைய இரண்டு மகன்களுக்கும் பக்தி வந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், அப்பா போன ஏக்கம் போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டினார்கள். வக்கீலம்மாவைப் பார்க்கப் போன இடத்தில்தான் அது வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதுவரை அந்தக் குடும்பத்துக்கும் கடவுளுக்கும் பெரிதாகப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. பெரியவன் கட்டட கான்ட்ராக்டர். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மேகம் கறுத்தால் மட்டும் கடவுளை நினைப்பான். சின்னவன் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியன். வீட்டில் அவனுக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர். யாராவது வாய் தவறி “கடவுள் புண்ணியத்துல” என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பிரபஞ்சம் எப்படித் தானாகவே உண்டானது என்று சோறு ஆறும்வரை விளக்குவான்.

இருவருக்கும் நடுவில் பிறந்தவள் மகள். கணவன் இறந்ததும் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், அப்பாவோடு கடையில் நின்றே தொழிலைக் கற்றுக்கொண்டாள். கண் பரிசோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, ஆடுகிற ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்குவது எல்லாம் அவள்தான். தெருவுக்கு அவள் ‘கண்ணாடியக்கா’. அப்பா படுக்கையில் விழுந்தபோது மருந்து கொடுத்ததும் புரட்டிப் படுக்க வைத்ததும் அவளே. அண்ணனும் தம்பியும் போனில் நலம் விசாரித்தார்கள். பேச்சு ஆஸ்பத்திரிச் செலவுப் பக்கம் திரும்பினால் மட்டும் இரண்டு பேருக்கும் சிக்னல் கிடைக்காது.

கீழே கடை, மேலே வீடு. அப்பா விட்டுப்போன சொத்து அவ்வளவுதான். உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டதால் வாரிசுகள் இந்த மூன்று பேர்தான்.

“ரெண்டு வழி இருக்கு,” என்றார் வக்கீலம்மா. “சாதாரணமா மதச் சட்டப்படிதான் பிரியும். ஆணுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒண்ணு. ஆனா வாரிசுங்க எல்லாரும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா பொதுச் சட்டம். அதுல மூணு பேருக்கும் சமம். ஒருத்தர் மாட்டேன்னாலும் மதச் சட்டம்தான்.”

“சமமாவே பிரிச்சுக்கலாமே அண்ணா,” என்றாள் கண்ணாடியக்கா.

பெரியவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். “எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? ஆனா கடவுள் போட்ட கணக்கை மாத்த நாம யாரு?”

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

“அக்கா, விஞ்ஞானத்துக்கும் ஒரு எல்லை இருக்கு,” என்றான்.

அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்கு அப்பா உயிரோடு இல்லையே என்று அவளுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

பங்கு குறைவதைவிடக் கடை போய்விடுமே என்பதுதான் அவளை அரித்தது. பெரியவன் அழைத்துவந்த ஒரு கட்டட வியாபாரி ஏற்கெனவே கடைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இடிக்கிறது சுலபம்” என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தான். அன்று இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடது கண் லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டு, தெருவில் ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்தாள்.

மதச் சட்டப்படி பிரிப்பதென்றால் பங்கு விவரத்தை மத அறிஞர் ஒருவர் எழுதித் தர வேண்டும். சகோதரர்கள் காரெடுத்துப் போய் அவரை வக்கீலம்மா அலுவலகத்துக்கு அழைத்துவந்தார்கள். பெரியவன் அவர் பையைத் தூக்கிக்கொண்டான், விஞ்ஞானி குடையைப் பிடித்துக்கொண்டான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அறிஞர் வக்கீலம்மாவின் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே விசாரித்தார்.

“மூத்தவர் யாரு?”

“நான்தாங்க.”

“கல்யாணம் எங்க நடந்துச்சு?”

பெரியவனுக்கு இருமல் வந்தது. அவன் கட்டியது ஒரு இரும்புக் கடை முதலாளியின் ஒரே மகளை. எங்கள் மதத்துக்கு வந்தால் பெண், இல்லாவிட்டால் இல்லை என்றார் முதலாளி. வந்துவிட்டான். அதற்கான சடங்கு நடந்தபோது எடுத்த படம் இன்றைக்கும் மாமனார் வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது.

“அது சும்மா மாமனாருக்காகங்க. மனசளவுல நான் இங்கதான் இருக்கேன்.”

“மனசுக்குப் பங்கு கிடையாதே தம்பி,” என்றார் அறிஞர். “வேற மதத்துக்குப் போனவருக்கு நம்ம சட்டத்துல வாரிசுரிமை இல்ல.” இந்த டிக்கெட் இந்த ரயிலுக்கு இல்லை என்று பரிசோதகர் சொல்வது போலச் சொல்லிவிட்டு, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

விஞ்ஞானியின் முகம் மலர்ந்தது. விஞ்ஞானத்தின் எல்லை இன்னும் கொஞ்சம் பின்வாங்கியது. “கஷ்டமாதான் இருக்கு அண்ணா. ஆனா சட்டம்னா சட்டம்தானே?”

“நீங்க அவசரப்படாதீங்க,” என்றார் அறிஞர். “ஆணுக்கு ரெண்டு பங்குன்னா சட்டம் சும்மாவா குடுக்குது? அதுல பொறுப்பும் இருக்கு. புருஷன் இல்லாத அக்காவுக்குச் சாப்பாடு, துணிமணி, வைத்தியம் எல்லாம் உங்க தலையில. அவங்க சம்மதம் இல்லாம இந்தக் கட்டடத்தை விக்கவும் முடியாது. அதையும் சேர்த்துதான் எழுதுவேன்.”

“எத்தனை நாளைக்குங்க?”

“அவங்க இருக்கிறவரைக்கும்.”

விஞ்ஞானி அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். நகங்களையும் கண்களின் வெண்மையையும் கவனித்தான். அவள் உடம்பு அவனுக்கு எந்த நம்பிக்கையும் தரவில்லை.

“நம்ம அத்தை தொண்ணூறு தாண்டியும் மாடிப்படி ஏறினாங்க இல்ல?” என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

அறிஞர் மிச்ச டீயை உறிஞ்சிக் குடித்தார். பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“காலம் மாறிடுச்சு. ஆணும் பொண்ணும் சமம்,” என்றான் பெரியவன்.

“நான் சின்ன வயசுலேருந்து இதைத்தானே சொல்றேன்!” என்றான் விஞ்ஞானி.

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பொதுச் சட்டத்துக்கான தாளை நீட்டினார். இருவரும் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். பேனா கண்ணாடியக்காவிடம் வந்தது. அவள் அதை மூடி மேஜைமேல் வைத்தாள்.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா அண்ணா? ஆனா கடவுள் போட்ட கணக்காச்சே. யோசிச்சுச் சொல்றேன்.”

அன்றிலிருந்து கடைக்கு உறவினர் வருகை பெருகியது. விஞ்ஞானி முதலில் பழம் கொண்டுவந்தான், பிறகு வாதங்களைக் கொண்டுவந்தான். பெரியவன் வெறுங்கையோடு வந்து, கண் மங்குகிறது என்று பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தில் சோதனை ஃபிரேமை மாட்டினாள்.

“என்னை ஒண்ணுமில்லாம பண்ணிடாதேம்மா,” என்றான்.

“நீங்க எனக்கு அதைத்தானே அண்ணா பண்ணப் பாத்தீங்க?”

அவள் லென்ஸை மாற்றினாள். “இதுல தெரியுதா?”

“இல்ல.”

“இதுல?”

“இப்ப தெரியுது.”

“என்ன தெரியுது?”

பெரியவன் குரல் உடைந்தது. “நான் பண்ணின தப்பு தெரியுதும்மா.”

“நான் போர்டுல இருக்கிற எழுத்தைக் கேட்டேன்.”

அப்பா இறந்த பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியவன் அந்த விசித்திரமான ஃபிரேமோடு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் நிபந்தனையைச் சொன்னாள். கடையும் அதன் பின்னறையும் அவள் பங்கு. மேல்வீடு முழுவதும் அவர்கள் இருவருக்கும். அதை விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி, கடையைத் தொடக்கூடாது. பெரியவன் உடனே தலையாட்டினான். ஒன்றுமே இல்லாதவனுக்குப் பாதி வீடு என்பது பெரிய வீடு.

விஞ்ஞானிதான் முரண்டு பிடித்தான். “கடை மெயின் ரோட்டைப் பாத்து இருக்கு அக்கா. மதிப்பு ஜாஸ்தி. இது சமமே இல்ல.”

“சரிடா, வேண்டாம். மதச் சட்டமே இருக்கட்டும். நாளைலேருந்து மூணு வேளையும் உன் வீட்டுல சாப்பிடறேன். எனக்கு உப்பு கம்மியா இருக்கணும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு.”

சாயங்காலமே வக்கீலம்மா அலுவலகத்தில் புதிய தாளில் மூன்று கையெழுத்தும் விழுந்தன. விஞ்ஞானி தேதியைக்கூடத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தினான்.

மேல்வீடு இன்னும் விலைபோகவில்லை. கீழே கடையை இடிக்க முடியாத கட்டடத்தை வாங்க அந்த வியாபாரிக்கு மனமில்லை. இப்போது சகோதரர்கள் நடுக்கூடத்தில் பலகைத் தடுப்பு அடித்து ஆளுக்கொரு பக்கம் பூட்டி வைத்திருக்கிறார்கள். தடுப்பு தன் பக்கம் நான்கு விரல் தள்ளி வந்துவிட்டது என்று விஞ்ஞானி அளவுகோலோடு வந்து நிரூபிக்கிறான். வீடு கட்டுவது தன் தொழில், எவனும் தனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று பெரியவன் கத்துகிறான். கனமான ஏதோ ஒன்று தரையில் விழுகிறது.

கீழே பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் பயந்து கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

“மேல பாக்காதீங்க,” என்பாள் கண்ணாடியக்கா, லென்ஸை மாற்றிக்கொண்டே. “போர்டைப் பாத்துப் படிங்க.”