கசியாத கப்பல்

1

"குங்கிலியத்தைக் கூழுல போட்டியா, கொட்டினியாடா? மனு எழுதறவங்க வந்து கத்திட்டுப் போறாங்க! மை ஊறவே இல்லியாம், தாளுமேல முத்து முத்தா உருளுதாம்!"

கத்தியவர் எத்திராஜ். நகரியில் எங்கள் பின்சுவரை ஒட்டிக் காகிதப் பட்டறை வைத்திருந்தவர். வாங்கிக் கட்டிக்கொண்டவன் கூழ் காய்ச்சும் வேதாச்சலம். இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான்: சுவர் குட்டை, நான் நெட்டை.

2

வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். 'ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக்கோடு எங்கே விழும் என்று ஊரே மனு எழுதிக்கொண்டிருந்த காலத்தில்...' வேண்டாம். பத்திரிகைக்காரன் பாடு அது.

(குங்கிலியத்தைச் சோடா போட்டுக் காய்ச்சிக் கூழில் ஊற்றி, பிறகு படிகாரம் சேர்த்தால் தாள் தண்ணீர் குடிக்காது. அளவு மீறினால் மையும் குடிக்காது. இவ்வளவு தெரிந்தால் போதும்.)

3

தாள் தேறியதா என்று பார்க்க ஒரு வழக்கம் உண்டு. தாள் உலர்த்தும் தாட்சாயணி கொடியிலிருந்து ஒன்றை எடுத்து வருவாள். வேதாச்சலம் அதைக் கப்பலாக மடித்து மைத்தட்டில் விடுவான். உள்ளே நீலம் கசியும்வரை இருவரும் நின்று பார்க்க வேண்டும். கசிந்ததும் அவள் போய்விடுவாள்.

குங்கிலியம் ஏன் கூடிக்கொண்டே போனது என்பது எத்திராஜுக்கு மட்டும்தான் புரியவில்லை.

(அவளும் தடிப்பான தாளாகத்தான் தேடி எடுப்பாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேரிடம்தான் சொன்னேன்.)

4

இங்கே அவனைப் பேசவைக்கலாம். 'தாட்சாயணி, உன்னை விட்டு என்னால்...' [அடித்துவிட்டேன். அவனா பேசுவான்?] சுவரோரம் என் காதில் விழுந்தது இது:

"வெள்ளிக்கெழம திருத்தணியிலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க."

வேதாச்சலம் மைத்தட்டின்மேல் இன்னும் குனிந்தான்.

"கப்பலையே பாத்துக்கினு கீறியே."

"இன்னும் கசியல."

"இது கசியாதுய்யா. நீதானே போட்ட. பொழுது சாயறவரைக்கும் நின்னாலும் கசியாது."

"அப்ப நில்லேன்."

நின்றாள். மடையன், அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் பேசுகிறான், நம்பும்படி இல்லை. இன்னொன்றில் அவளே கேட்டுவிடுகிறாள். நடந்ததைவிட நன்றாக இருந்ததால் கிழித்தேன். வேண்டுமானால் நீங்கள் ஒட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது: தாட்சாயணி திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பின்னால் திருத்தணியும் மதராசோடு போய்விட்டது. நகரி ஆந்திராவோடு இங்கேயே நின்றது. வேதாச்சலம் திருப்பதிக்குப் போய், யாரோ ருக்மணியாம், கட்டிக்கொண்டான். அவன் கிளம்பிய அன்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். காலையில் விட்ட கப்பல் தட்டில் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இன்னும் வெள்ளை.