கல்யாண வண்டி

ஜெர்சன் காரின் பின்சீட்டில் அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்து விரித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த அப்பா கையைத் தூக்கி வேண்டாமென்று ஆட்டினார்.

"அதுல ஏத்தாதலே."

"எப்பா, பேசாம வாங்க. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாரு."

"எதுக்குப் போவச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும்லா. கல்யாண வண்டிலே அது."

அப்பா ஞானதீபத்துக்குப் பேச்சின் நடுவில் மூச்சு அறுந்தது. முப்பது வருஷம் உப்பு மூடை சுமந்த தோள்கள் இப்போது சட்டைக்குள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருந்தது. அம்மா ஜெபசுதா அவர் முதுகைத் தடவினாள்.

"ஏங்க, நமக்கு என்ன சகுனம்? ஜெபம் பண்ணுத குடும்பம்."

"நமக்கு இல்லளா. வாடகைக்கு எடுக்கவனுக்கு உண்டு. அவன் வேதம் படிச்சிட்டா வண்டி பேசுதான்?"

அவர் பயந்தது இதற்குத்தான். வழியில் உயிர் போய்விட்டால் அது சாவு விழுந்த வண்டி. பொண்ணு மாப்பிள்ளையை யாரும் அதில் ஏற்றமாட்டார்கள். ஸ்டாண்டில் ஜெர்சனுக்குப் பக்கத்தில் வண்டி போடும் பிரைட்டனுக்கு அப்படித்தான் ஆனது. மதுரையிலிருந்து கூட்டிவந்த அவன் பெரியம்மா கயத்தாறு தாண்டுவதற்குள் பின்சீட்டிலேயே முடிந்துபோனாள். வண்டி வந்து சேர்வதற்கு முன்னால் சேதி ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு ஏர்போர்ட்டும் ஆஸ்பத்திரியும்தான். மாலை கட்டிப் போக ஒருவரும் கூப்பிடவில்லை. இதை அவன் ஒருநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது அப்பாவும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"நாள மறுநாள் ஆத்தூர் கல்யாணத்துக்கு வண்டி பேசியிருக்கு. மறந்துட்டியோ?"

"வண்டி போனா போவுது. நீங்க கடன் வாங்கி எடுத்துக் குடுத்தது. நீங்க ஏறாம பின்ன யாரு ஏறணும்?"

"கடன் வாங்குனவந்தான் சொல்லுதேன். ஏத்தாத."

அந்தக் கடனை வாங்கிய நாள் ஜெர்சனுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது அவன் இன்னொருவரின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா அவனை உப்புக் குடோனுக்குக் கூட்டிப் போனார். முதலாளி செந்தில்வேல் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்: "ஞானம், கேக்கது பெரிய தொகை. ஒனக்கும் வயசாச்சு. இனி எத்தன மூடைய்யா தூக்கப்போற?" அப்பா கீழே கிடந்த மூடையை ஒரே தூக்கில் முதுகுக்கு ஏற்றி, லாரியில் போட்டுவிட்டு வந்து அதே இடத்தில் நின்றார். வலது முழங்கால் நடுங்குவதை வாசலில் நின்ற ஜெர்சன் பார்த்தான். அண்ணாச்சி பார்த்தாரா என்று தெரியவில்லை. பணம் கொடுத்தார். ஓய வேண்டிய வயதில் அப்பா மறுபடியும் இரண்டு ஆள் மூடை தூக்கினார். அந்த முழங்கால் பிறகு மடங்கவே இல்லை.

வண்டி வந்த அன்றைக்கு முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கல்யாண ஓட்டத்துக்குக்கூட அந்தச் சீட்டை யாரும் நகர்த்தவில்லை; பொண்ணு மாப்பிள்ளை ஒடுங்கித்தான் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், "சும்மா ஒரு ரவுண்டு போவமாலே" என்பார். வேலை நாட்களில் ஜெர்சன் அவரைக் கூட்டிவர உப்பளத்துக்குப் போனால், ஏறுமுன் பாதங்களை வெளியே நீட்டி ஒன்றோடொன்று தட்டுவார். அப்படியும் உப்பு விழும்.

"எப்பா, உப்பு பட்டா துருப்புடிச்சிரும்."

"உப்புலதாம்லே ஒன் வண்டியே வந்துச்சு."

திருச்செந்தூர் ரோட்டில் அளம் வந்ததும் மெதுவாகப் போகச் சொல்வார். முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொள்வார். "ஏ ஞானம், மொதலாளி ஆயிட்டியோ!" என்று மூடையோடு நிற்பவர்கள் கத்துவார்கள். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவார். அடுத்த வளைவு வரைக்கும் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடித்தது. ஜெர்சன் போன் பண்ணியிருந்த பிரைட்டன் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாமா, ஏம் வண்டியில ஏறுங்க. அது பேரு ஏற்கெனவே கெட்டுதான் கெடக்கு. நீங்க புதுசா ஒண்ணும் கெடுக்க முடியாது."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது.

"அப்ப சரி. ஆத்தூருக்கும் நீயே ஓட்டு. இவனுக்கு அன்னைக்கு வேல கெடக்கும்."

ஜெர்சன் தன் பின்சீட்டில் விரித்த சேலையை எடுத்துப் பிரைட்டனின் வண்டிக்குக் கொண்டுபோனான்.

பிரைட்டனின் வண்டியை ஜெர்சன் ஓட்டினான். ஜெர்சனின் வண்டியைப் பிரைட்டன் எடுத்துக்கொண்டான். பின்சீட்டில் அம்மாவின் மடியில் அப்பாவின் தலை. மடங்காத கால் கதவில் இடித்துக்கொண்டிருந்தது.

"நம்ம வண்டி பின்னால வருதா?"

"வருதுப்பா."

"ரொம்ப ஒட்டி வரச் சொல்லாத. நீ பிரேக்குப் போட்டா இடிச்சிருவான்."

துறைமுகத்துக்குத் திரும்பும் லாரிகள் விலகின. வலப்பக்கம் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. அளம் வந்ததும் ஜெர்சனின் கால் தானாகவே பிரேக்கில் பதிந்தது. மூடை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். தெரியாத வண்டி. குனிந்துகொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் ஜெர்சன் கியரை மாற்றினான்.

"மெதுவாவே போலே" என்றாள் அம்மா. குரலில் ஒன்றுமில்லை. "இனி அவசரமில்ல."

அவன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். பின்னால் தள்ளி, சரியான இடைவெளியில், அவனுடைய வண்டி வந்துகொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்தான்.

மறுநாள் மதியம் அடக்கம். போதகர் ஜெபித்தார். மூடை தூக்கும் ஆட்கள் அளத்திலிருந்து அப்படியே வந்து பெட்டியை எடுத்தார்கள். அத்தனை பேருக்கும் அது கனமாகத் தெரியவில்லை. செந்தில்வேல் அண்ணாச்சி பெரிய மாலையாகக் கொண்டுவந்திருந்தார். ஜெர்சனின் தோளைத் தொட்டு, "மிச்சக் கடனப் பத்தி இப்ப ஒண்ணும் நெனைக்காத" என்றார்.

அவர் போனதும் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "இப்பன்னுதான சொன்னாரு."

ஜெர்சனுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று தோன்றியதும் நின்றுவிட்டது.

துக்க வீட்டு வாசலில் நிற்கவேண்டாமென்று வண்டியை ரேஷன் கடைப் பக்கம் வேப்பமரத்தடியில் விட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய சாயங்காலம் ஜெர்சன் அங்கே போனான். பிரைட்டன் வண்டியைக் கழுவி முடித்திருந்தான். விடிந்தால் ஆத்தூர் போக வேண்டும்.

"எல்லாம் சரியாயிட்டு. முன்சீட்டுதான்…" பிரைட்டன் துணியைப் பிழிந்தான். "பொண்ணு பட்டுச்சேலையோட பின்னால ஒக்காரணும். கால் வைக்க எடமில்லலா."

"தள்ள வேண்டியதுதான?"

"நீயே தள்ளு."

ஜெர்சன் கதவைத் திறந்து குனிந்து சீட்டுக்கடியில் இருந்த கம்பியை இழுத்தான். அசையவில்லை. தரையில் மண்டியிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினான். கரகரவென்று ஓர் ஓசை எழுந்தது. சீட்டு ஓடும் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தான். நுனியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

மறுபடியும் தள்ளினான். சீட்டு அரைப் பாதத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டது.

"போதுமாலே?"

பிரைட்டன் குனிந்து பார்க்கவில்லை.

"போதும்" என்றான்.