தன்னைத் தானே ஏற்றுக்கொண்டவர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற வேதமுத்து, பெற்ற மகளோடு தொலைபேசியில் பேச அஞ்சி, அம்பத்தூர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தம் உள்ளங்கையின் ஓரத்தை இரு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார்.

வினை அவரே தேடிக்கொண்டது. வானகரத்தில் இருக்கும் மகள் ரெனிதா, தன் குழந்தையின் ஞானஸ்நான அழைப்பிதழைத் தானே எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் இட்டிருந்தாள். எல்லாரும் வாழ்த்தினார்கள். வேதமுத்து மட்டும் அதை அச்செடுத்து, பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'முயற்சி தேவை' என்று ஓரத்தில் எழுதி, படமெடுத்து அதே குழுவில் அனுப்பிவைத்தார். அன்று முதல் அவள் பேசவில்லை. ஞானஸ்நானம் நாளை. அவள் வாயால் "வாங்க" என்று சொல்லாமல் போய் நிற்க மானம் இடங்கொடுக்கவில்லை. பேரனைப் பாராமலிருக்க மனம் இடங்கொடுக்கவில்லை.

உடலில் குறிப்பிட்ட இடங்களைத் தட்டிக்கொண்டே உள்ளதை உள்ளபடி சொன்னால் படபடப்பு அடங்கும் என்று மனைவி ரோஸி சபைப் பெண்கள் கூட்டத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

"சொல்லுங்க. 'எனக்கு பயமா இருந்தாலும், என்னை நான் முழுசா ஏத்துக்கிறேன்.'"

"'அச்சமிருப்பினும்' என்றால் இன்னும் செறிவாக இருக்கும்."

"இன்னாங்க, தட்டுறீங்களா, திருத்துறீங்களா? அந்த வியாதிக்குத்தான வைத்தியம் பண்ணிக்கினு இருக்கோம்!"

புருவ முனை, கண்ணோரம், மூக்கின் கீழ், தாடை என்று தட்டிக்கொண்டே போனார். ஊரார் பிள்ளைகளின் தலையில் குட்டிய விரல்கள், தம் தலைக்கு வந்ததும் எத்தனை மென்மையாகிவிட்டன என்று அவருக்கே வெட்கமாயிற்று.

மூன்று சுற்றில் படபடப்பு உண்மையிலேயே சற்றுத் தணிந்தது. வந்த துணிவு கரைவதற்குள் மகளை அழைத்தார்.

"இன்னாப்பா?" என்றாள் ரெனிதா, சூடாக.

மன்னிப்புக் கேட்பதற்கென்று கட்டி வைத்திருந்த வாக்கியம் ஓடிப்போயிற்று. நாவில் தயாராக நின்றது வேறொன்று.

"ரெனிதா, என்னை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்!"

"இதைச் சொல்லவா போன் பண்ணீங்க? உங்கள நீங்க எப்பப்பா ஏத்துக்காம இருந்தீங்க?"

ரோஸி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபத்தாறு ஆண்டுகளில் அந்த ஒரு காரியத்தில் வேதமுத்து குறை வைத்ததே இல்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா," என்றார். மகள் அதுவரை அவர் வாயில் கேட்டிராத பேச்சுத்தமிழ். "எல்லார் முன்னாடியும் உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேன்."

மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"அதைக் குரூப்ல சொல்லுங்க. அங்கதான வட்டம் போட்டீங்க? சொல்லிட்டு, நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள வந்துடுங்க. பாப்பாவை நீங்கதான் தூக்கினு நிக்கணும்."

குழுவில் உறவினர் முப்பத்தேழு பேர். 'நான் செய்தது தவறு' என்று எழுதிய வேதமுத்து, ஒரு முறைகூடப் படித்துப் பாராமல் அனுப்பினார்.