டிரைவர் சீட் நகராத சனிக்கிழமை

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதமாகிறது. ஆனால் எங்கள் காரின் டிரைவர் சீட் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி வரை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு முன்னால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மோட்டாரில் நகரும் சீட், ஆனால் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் ஆறடி ஓர் அங்குலம். நான் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. அந்த சீட்டில் நான் உட்கார்ந்தால் கிளட்ச் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது.

"முதுகுக்குப் பின்னாடி ரெண்டு தலகாணி வச்சுக்கோ" என்றார் இவர். வைத்துப் பார்த்தேன். கிளட்சை மிதித்தால் தலையணை அமுங்கி நான் பின்னால் போனேன். மிதிக்காவிட்டால் வண்டி போகவில்லை. அன்றோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன். "ஒருநாள் உக்காந்து சரி பண்ணிடறேன்" என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவசரம் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் மருந்துக் கிடங்கில் எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. பதினான்கு வருஷம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த வேலை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் அந்தப் பக்கம் போய்ச் சேர ஏழே முக்கால் ஆகும். முதல் நாளே தாமதமாக வந்தால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று மானேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இவர் கொண்டுபோய் விடலாமே என்றால், இவர் எட்டு மணிக்கு முன்னால் எழுந்தது எங்கள் கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்கும் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்களாம்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றேன் வெள்ளிக்கிழமை.

"இதுக்கெல்லாமா மெக்கானிக்? அவன் வந்து பட்டனை அழுத்திப் பாத்துட்டு 'சார், சீட் நகரல' அப்படிம்பான். அது எனக்கே தெரியுமே."

சனிக்கிழமை காலை வாசலில் காரின் நான்கு கதவுகளும் திறந்து கிடந்தன. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் வேலை, ஃபைல்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்புவது. ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். என் மகள் பக்கத்தில் நின்று, சீட் ரிப்பேர் சொல்லித்தரும் வீடியோவைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். வீடியோக்காரர் அப்படித்தான் சொன்னார், தப்பில்லை. பிறகு சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகள். முன்னால் இருந்த இரண்டையும் கழற்றி ஜெயித்துவிட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார். பின்னால் இருந்த இரண்டும் சீட்டுக்கு அடியில் மறைந்திருந்தன.

"அதைக் கழட்ட சீட்டை முன்னாடி நகர்த்தணும்" என்றார்.

"சீட் நகரலைன்னுதானே கழட்டறீங்க?"

"குறுக்கே பேசாதே."

ஒரு மணி நேரம் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தார். அடியிலிருந்து சீப்பு ஒன்றும், பேனா மூடி நான்கும், என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தொலைத்த காதணி ஒன்றும் கிடைத்தன. காதணியை என்னிடம் நீட்டியபோது, இதற்காகத்தான் காலையிலிருந்து பாடுபட்டேன் என்பதுபோல ஒரு பெருமை. போல்ட் மட்டும் கிடைக்கவில்லை. கழற்றிய இரண்டையும் பேசாமல் திரும்ப முடுக்கினார்.

பேட்டரி வயரை மறுபடி மாட்டியதும் ரேடியோ விழித்துக்கொண்டு நான்கு எண் கொண்ட ரகசியக் குறியீடு கேட்டது. வண்டியைப் பழையதாக வாங்கினோம், அந்த எண் எங்களிடம் இல்லை. இவர் யோசித்து எங்கள் கல்யாண நாளைப் போட்டார். ரேடியோ ஏற்கவில்லை. அது இருக்கட்டும், இவர் போட்டது எங்கள் கல்யாண நாளே இல்லை.

மதியத்துக்கு மேல், கரண்ட் இருந்தால் எரியும் ஒரு சின்ன டெஸ்ட் லைட்டை எடுத்துவந்து சீட்டுக்கு வரும் வயரில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. எழுந்து நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"மோட்டார் போயிடுச்சு. புது மோட்டார் வர மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரத்தில் அந்த வேலையில் வேறு ஒருத்தி முதல் சம்பளத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, வயர்லயே கரண்ட் வரலையே. மோட்டார் என்ன பண்ணும்?" என்றேன்.

"உனக்குப் புரியாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபது வருஷமாக இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டால் முதலில் பிளக்கைப் பார்ப்பது நான்தான். பெட்டியைப் பிரித்துப் போடுவது இவர். காருக்குக் கூடவே வந்த புத்தகத்தை டாஷ்போர்டிலிருந்து எடுத்தேன். பொடிப்பொடி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபியூஸ் பெட்டி படம் போட்ட பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. இவர் தலை அங்கே நுழையாது, என் தலை சுலபமாக நுழைந்தது. குள்ளமாக இருந்ததால் எனக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

புத்தகத்தில் பதினேழாவது இடத்துக்கு நேரே 'டிரைவர் சீட்' என்று போட்டிருந்தது. பெட்டியில் அந்த இடம் காலி.

எரிந்துபோன ஃபியூஸ் தன் இடத்திலேயே செத்துக் கிடக்கும். தானாக எழுந்து வெளியே போகாது. யாரோ பிடுங்கியிருக்க வேண்டும்.

"ஏங்க, இங்க இருந்த ஃபியூஸ் எங்க?"

தலையை வெளியே எடுத்தேன். இவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அட, ஆமா. போன வருஷம் டயருக்குக் காத்தடிக்கிற மெஷினை வண்டியில இருக்கற சார்ஜர் சாக்கெட்ல சொருகினேன். சாக்கெட் ஃபியூஸ் போயிடுச்சு. போன் சார்ஜ் போடணுமே. ரெண்டும் ஒரே இருபது ஆம்பியர். அதான் சீட்டோடதை எடுத்து அதுல போட்டேன்."

"போட்டு?"

"மறந்தே போச்சு. சீட்டை யாரு நகர்த்தப் போறான்னு விட்டுட்டேன்."

"நான் அப்பத்தானே டிரைவிங் கிளாஸ் போயிட்டிருந்தேன்?"

இவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நீ ஓட்டுவேன்னு நான் நினைக்கவே இல்ல" என்றார்.

வேண்டுமென்றே பிடுங்கி ஒளித்து வைத்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு ஓய்ந்திருப்பேன். என்னைத் தடுக்க வேண்டும் என்றுகூட இவருக்குத் தோன்றவில்லை. அந்த சீட்டில் இன்னொருத்தி உட்காருவாள் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு வருஷம் நிம்மதியாக போன் சார்ஜ் போட்டிருக்கிறார். எனக்கு அதுதான் வலித்தது. மகள் வீடியோவை நிறுத்திவிட்டு நைசாக உள்ளே போய்விட்டாள்.

சாக்கெட் ஃபியூஸைப் பிடுங்கிப் பதினேழில் சொருகினேன். பட்டனை அழுத்தினேன். சீட் உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. கிளட்ச் காலுக்கு எட்டும் இடத்தில் நிறுத்தினேன். கண்ணாடிகளையும் எனக்குத் தகுந்தபடி திருப்பிக்கொண்டேன்.

"பாத்தியா, சரியாயிடுச்சு!" என்றார், தானே சரிசெய்ததுபோல. பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "அப்ப என் போன் சார்ஜ்?"

"தாராளமா அந்த ஃபியூஸையே எடுத்துப் போட்டுக்கோங்க. எனக்கு இனிமே சீட் நகர வேண்டாம்."

சண்டை போடாமல் விட்டுக்கொடுக்கும் மனைவி கிடைத்த சந்தோஷத்தில், காருக்கு வெளியே மண்டியிட்டு, கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவி, தன் கையாலேயே ஃபியூஸைப் பிடுங்கி சாக்கெட்டுக்கு மாற்றினார். போன் சார்ஜ் ஏறுகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தார். சீட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர் வீட்டுக்குப் புறப்பட்டார். சாவியைச் சுழற்றிக்கொண்டே போனவர், கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. உடம்பைத் திருப்பிப் பார்த்தார், இடுப்பு போனது, தலை போகவில்லை. பட்டனை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இதுல நான் எப்படி உக்கார்றது?"

"நீங்க உக்காருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க" என்றேன்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. ஃபியூஸ் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். பிறகு சுற்றிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். வழி முழுக்கத் தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்குத் தனியாகக் கிளம்பினேன். சிக்னலில் இரண்டு தடவை வண்டி நின்றுபோனது. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தே என் காதைச் செவிடாக்கினான். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

மானேஜர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"நானே கார் ஓட்டிட்டு வந்தேன் சார்" என்றேன், அவர் கேட்காமலேயே.