மைதானத்தைச் சுத்தம் செய்து தருமாறு

இருபத்தாறு வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என் வயிற்றைப் பார்ப்பவர்கள் நம்புவதில்லை. ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து என்னை மைதானத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது என்று பிளஸ் டூ பையன்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. கோபம் வந்த கதை இது.

எங்கள் பள்ளி மைதானம் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி வந்தால் அது தற்காலிகப் பேருந்து நிலையம். அதைச் சுற்றி அன்னதானக் கடைகள். விடியும்போது பேருந்துகள் போய்விடும், பிளாஸ்டிக் தடவிய காகிதத் தட்டு, தண்ணீர் பாக்கெட், சாம்பார் ஊறிய துணி, ஒற்றைச் செருப்பு எல்லாம் எங்களுக்கு மிஞ்சும். இந்த ஊரில் பௌர்ணமி எப்போது என்று நாய்க்கும் தெரியும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்குத் தேதி வைத்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் என்று வைத்துவிட்டார்கள்.

நான் பொறுப்பான மனிதன். துப்புரவு காண்ட்ராக்டருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்தேன். மாணவர்கள் நலன் கருதி, போட்டி நாளன்று காலை ஆறு மணிக்குள் மைதானத்தைச் சுத்தம் செய்து தருமாறு கேட்டுக்கொண்டேன். 'மாணவர்கள் நலன் கருதி' என்பது என் சொந்தச் சேர்க்கை. எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன்.

போட்டி நாளன்று ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். மைதானத்தில் ஒரு காகிதம் கிடையாது. கடிதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று அரை நிமிடம் பூரித்துப் போனேன். அப்புறம்தான் மலையைக் காணோம் என்று உறைத்தது. எங்கள் மைதானத்தில் எங்கே நின்றாலும் மலை தெரியும். அன்று தெரியவில்லை. கிழக்கு மூலையில் ஆள் உயரத்துக்குக் குப்பையைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். கருப்பும் மஞ்சளுமாகப் புகை எழுந்து, மேலே போக மனசில்லாமல், ஓடுதளத்தின் பாதிமேல் படுத்துக் கிடந்தது.

குவியலைக் கிளறிக்கொண்டிருந்தவர் கன்னியம்மாள். ஒவ்வொரு பௌர்ணமியும் எங்கள் பக்கம் கூட்ட வருகிறவர். புடவைத் தலைப்பை வாயில் சுற்றியிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். யாரம்மா கொளுத்தச் சொன்னது என்று கத்தினேன்.

"நீங்கதான் சார்" என்றார்.

அவரே விளக்கினார். நேற்று காண்ட்ராக்டரின் மேஸ்திரி என் கடிதத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம். குப்பை வண்டியெல்லாம் பாதையில் மாட்டிக்கொண்டதால் ஒன்பது மணிக்கு முன்னால் வராது, சார் ஆறு மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆகவே பார்த்து முடித்துவிடுங்கள் என்றாராம்.

"ஆறு மணிக்குள்ள மனுசங்களால முடியுமா சார்? நெருப்புக்குத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டு இருமினார். குனிந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமல் நிற்கும்வரை நான் என்னுடைய 'நலன் கருதி'க் கடிதத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.

முதல் போட்டி பெண்களுக்கான மூவாயிரம் மீட்டர், ஏழு மணிக்கு. எங்கள் ஓடுதளம் இருநூறு மீட்டர். பதினைந்து சுற்று. அதாவது ஒவ்வொரு பெண்ணும் பதினைந்து தடவை அந்தப் புகைக்குள் போய் வரவேண்டும், அதுவும் வாயைத் திறந்துகொண்டு.

எங்கள் பள்ளியிலிருந்து ஓடுவது நூரைன். பதினோராம் வகுப்பு. போன வருடமும் இதே போட்டி, இதே மூலை, ஆனால் அன்று எரிந்தது கொஞ்சம்தான். ஒன்பதாவது சுற்றில் அவள் இருமியபோது நான் கோட்டுக்கு வெளியே கூடவே தள்ளாடி ஓடி, மூக்கால் மூச்சு விடு, மூக்கால் மூச்சு விடு என்று கத்தினேன். அந்தக் காலத்தில் என் வகுப்பில் இருமுகிறவர்களுக்கு ஒரு சுற்று கூடுதல். தொண்டை சுத்தமாகும் என்று நானே கண்டுபிடித்த வைத்தியம். பன்னிரண்டாவது சுற்றில் நூரைன் விழுந்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி வீசிங் சத்தம் வந்தது. உதடு நாவல் பழ நிறத்துக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அங்கே என்ன எரிந்தது என்று டாக்டர் கேட்டார். எனக்கு அதுவரை அங்கே ஏதோ எரிந்தது என்பதே நினைவில் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டாப்வாட்சை.

அவள் அம்மா கைசர் ஜஹான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவர். கழுத்தில் டேப்போடு அப்படியே ஓடி வந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "நீங்க ஏன் சார் நிறுத்தல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்த வருடம் நூரைனுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயசுப் பிரிவு மாறிவிடும், பெரிய பெண்களோடு ஓடவேண்டும். முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். அங்கே ஜெயித்தால் அரசாங்க விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். அதற்காகப் பத்து மாதம் விடியற்காலையில் அடி அண்ணாமலை வரைக்கும் ஓடிவிட்டு வந்திருக்கிறாள். அன்று காலை அவள் இன்ஹேலரை அவள் அம்மா என்னிடம் கொடுத்து, இவள் மறைத்துவிடுவாள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புகையைப் பார்த்ததும் நூரைன் என்னிடம் வந்தாள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"என்ன மட்டும் ஓட வேணாம்னு சொல்லிடாதீங்க சார். நான் ஓடலன்னா ஆப்சென்ட் போட்டுட்டு மத்தவங்கள ஓட வெச்சிடுவாங்க."

அது உண்மை. ஒருத்தியை நிறுத்தினால் அவள் தோற்றுப்போவாள். நிறுத்துவதென்றால் எல்லாரையும் நிறுத்த வேண்டும்.

அமைப்பாளர் மணிவேலிடம் போனேன். வேறொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். புது வெள்ளை ட்ராக் சூட், மார்பில் பெரிய ரிப்பன். பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார், அதற்குள் நான்கு இறுதிப் போட்டிகள் முடிந்திருக்க வேண்டும் என்றார். புகையைக் காட்டினேன். போனை எடுத்துக் காட்டினார். அதில் காற்றின் தரம் நன்றாக இருக்கிறது என்று பச்சை நிறத்தில் காட்டியது. எந்த ஊர்க் காற்றோ தெரியவில்லை, அதை அவர் மூக்கில் ஒட்டிவிடலாம் போலிருந்தது.

"இன்னா சார் புதுசா பேசறீங்க. நாம எல்லாம் இந்தப் புகையிலதான வளர்ந்தோம்" என்றார். இதைச் சொல்லும்போது கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார்.

என் தலைக்குள் ஏதோ கொதித்தது. ஆனால் நான் கோபத்தில் கத்தினால் குரல் கீச்சென்று போய்விடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் சரி என்று தலையாட்டிவிட்டு, கிளாப்பரை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனேன். கிளாப்பர் என்பது கீல் வைத்த இரண்டு மரப் பலகை. அதைத் தட்டினால்தான் ஓட்டம் தொடங்கும். அன்று ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் நடுவர் நான்.

பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் நின்ற இடத்திலேயே இருமினார்கள். ஆன் யுவர் மார்க் என்றேன். முன்னங்காலைக் கோட்டில் வைத்தார்கள். கிளாப்பரைத் தூக்கினேன். தட்டவில்லை. ஸ்டாண்ட் அப் என்றேன்.

தொடக்க நடுவருக்குத் திருப்தி இல்லையென்றால் ஓட்டக்காரர்களைக் கோட்டிலிருந்து எழுப்பலாம் என்பது விதி. எத்தனை தடவை எழுப்பலாம் என்று எங்கும் எழுதவில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்த விதிமேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்ததில்லை.

முதல் தடவை ஒரு பெண்ணின் கால் கோட்டில் பட்டது என்றேன். இரண்டாம் தடவை நம்பர் துணி சரியாகக் குத்தவில்லை என்றேன். மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை. பார்வையாளர் பக்கம் சிரிப்பு எழுந்தது. சாருக்குக் கை தூக்க முடியவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மணிவேல் வேகமாக வந்தார்.

"அப்பாசாமி சார், இன்னா பண்றீங்க?"

"ஸ்டார்ட் பண்றேன்."

"எப்ப?"

"புகை நின்னதும்."

அவர் கிளாப்பரைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். என்னுடைய எடை முதல்முறையாக விளையாட்டுத் துறைக்குப் பயன்பட்டது. அதை விட்டுவிட்டு, விசிலை ஊதி நானே தொடங்குகிறேன் என்று அவர் கோட்டுக்குப் போனார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காலையிலிருந்து ஒரு கையெழுத்தின் பலத்தை அனுபவித்துக்கொண்டிருப்பவன் அல்லவா நான்.

போட்டிப் பதிவுத் தாளை எடுத்தேன். 'ஓடுதளத்தில் பிளாஸ்டிக் புகை. ஓடுவது ஆபத்து என்று தொடக்க நடுவர் தெரிவித்தார். அமைப்பாளர் தாமே தொடங்கினார்' என்று எழுதி, நேரத்தைப் போட்டு, கையெழுத்து வைத்து அவரிடம் நீட்டினேன்.

"கீழ நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு விசில் அடிங்க சார். போன வருஷம் ஒரு பொண்ணு விழுந்துச்சி. அப்ப எதுலயும் யாரும் கையெழுத்துப் போடல. அதனால அது யாரோட தப்பும் இல்லனு ஆயிடுச்சி. என்னோட தப்பு அது. இந்த வருஷம் யாரோடதுன்னு தெரிஞ்சிடட்டும்."

குரல் கீச்சென்றுதான் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

மணிவேல் தாளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், நூரைனைப் பார்த்தார். புகைக்குள் பிள்ளைகளை அனுப்பத் தயாராக இருந்தவர் பேனா மூடியைத் திறக்கத் தயாராக இல்லை. அரை மணி நேரம் பார்ப்போம் என்று முணுமுணுத்தார். அரை மணியில் ஒன்றும் ஆகாது என்றேன். வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்றார்.

சிறப்பு விருந்தினரின் வேட்டியில் செம்மண் படக்கூடாதென்று மைதானத்தில் தெளிக்க ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. அதைக் கிழக்கு மூலைக்கு விடச் சொன்னேன். தண்ணீர் ஊற்றினால் முதலில் புகை ஜாஸ்தியாகத்தான் வரும், பிறகுதான் அடங்கும் என்று கன்னியம்மாள் எச்சரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பி மேடையையே முழுங்கியது. பிள்ளைகளை மேற்குப் பக்க வகுப்பறைகளுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினோம். கன்னியம்மாளையும் கூப்பிட்டேன். மேஸ்திரி பார்த்தால் வேலை போய்விடும் என்று வர மறுத்தார். வேண்டுமானால் மேஸ்திரிக்கு ஒரு லெட்டர் கொடுங்கள் சார் என்றார். கேலி செய்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த கடிதத்தை அவருக்காகத்தான் எழுதினேன். காண்ட்ராக்டரிடமிருந்து பதில் வரவில்லை. அதைப் படித்துக் காட்டவும் ஆள் இல்லை போலிருக்கிறது.

பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். ஒரு போட்டியும் நடக்காத மைதானத்தில், செம்மண் பறக்க, இருமலுக்கு நடுவே தூய்மையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். வெயில் ஏறிவிட்டதால் மூவாயிரம் மீட்டர் மாலை நாலரைக்கு என்று ஆனது. எங்கள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், தயாராக இருங்கள் என்றார்.

நாலரைக்கு மலை தெரிந்தது. கிளாப்பரை ஒரே தடவை தட்டினேன்.

நூரைன் நன்றாகத்தான் ஓடினாள். பத்தாவது சுற்றுவரை முதலில் இருந்தாள். காலையில் இரண்டு பேரீச்சம்பழத்தோடு தயாரான உடம்பு, நாளெல்லாம் வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்து, மதியம் புளிசாதம் தின்று கனத்துப் போயிருந்தது. இன்னொரு பள்ளியின் எழிலரசி பன்னிரண்டாவது சுற்றில் தாண்டினாள். கடைசி வளைவில் மற்றொருத்தி. நூரைன் மூன்றாவது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நான்கு எட்டுதான் வித்தியாசம். மாவட்டப் போட்டிக்கு இரண்டு பேர்தான் போவார்கள்.

கோட்டைத் தாண்டியவள் நிற்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். வியர்வை சொட்டியது. அழுகை தயாராக இருந்தது, ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

"காலைலயே ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேன் சார். எல்லாருக்கும்தான் அதே புகை. அவங்களும்தான் இருமியிருப்பாங்க. எனக்குப் பழக்கம், நான் தாங்கியிருப்பேன். யாரு சார் உங்கள நிறுத்தச் சொன்னது? பத்து மாசம் சார். பத்து மாசம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சி ஓடியிருக்கேன். இப்ப எங்கம்மாகிட்ட நான் இன்னா சொல்லுவேன்?"

எரிக்க வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, தேதி வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவளுக்குப் போயிற்று கடைசி வாய்ப்பு. பாதித் தப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. தாங்கியிருப்பேன் என்று ஒரு பிள்ளை சொல்கிற அளவுக்குப் பழக்கி வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அந்தத் தாளை மணிவேல் வாயில் திணித்திருக்கலாம் என்று தோன்றியது.

அவள் நிறுத்தவில்லை. என் வயிற்றை, என் கிளாப்பரை, நான் கூடவே ஓடுகிற லட்சணத்தை, ஒன்றையும் விடவில்லை. மூவாயிரம் மீட்டர் ஓடி முடித்த பெண் மூன்று நிமிடம் நின்று திட்டினாள். அவள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. வார்த்தைகளுக்கு நடுவே போன வருடம் கேட்ட அந்த வீசிங் சத்தம் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. இன்னும் திட்டட்டும் என்று நின்றேன்.