மூன்று புள்ளி டாக்டர்கள்

அக்காள் கணவரின் இணையதளக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இரண்டு முதலாளிகள் உண்டு. ஒருவர் ஆபீஸில் திட்டுவார். இன்னொருவர் அதே திட்டை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்காளிடம் வரி பிசகாமல் ஒப்பிப்பார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதில் நம் அரைப்புள்ளிக்கு எந்த ஆறுதலும் இல்லை.

கம்ப்யூட்டர் கோடு எழுதும்போது வரி முடிவில் வைக்க வேண்டிய அரைப்புள்ளியை மறந்து, ஒரு கல்யாண மண்டபத்துக்காரரின் இணையதளத்தைக் குப்புறப் படுக்க வைத்ததில் கிடைத்த பெயர் அது. அன்றே மாமா கெடு வைத்துவிட்டார். அடுத்து வரும் பல் ஆஸ்பத்திரி வேலையை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அப்பாவின் மெத்தைக் கடை. அங்கே அவனுக்கென்று ஓர் உத்தியோகம் காத்திருந்தது: வாடிக்கையாளர் முன்னால் மெத்தையில் படுத்து, சொர்க்கத்தைக் கண்டதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூடப் படித்தவர்களும் மெத்தை வாங்க வருவார்களே.

வேலை என்னவோ சின்னதுதான். ஆஸ்பத்திரியின் தளத்தில் டாக்டர்களின் விவரமெல்லாம் நெரிசலில் மாட்டிய கூட்டம்போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு ஆளுக்கொரு கார்டு போட வேண்டும். மேலே படம், அதன்கீழ் பெயர், அப்புறம் ஒரு வாசகம், அடியில் நேரம் பதிவு செய்ய ஒரு பொத்தான். ஒரு கார்டைச் செய்துவிட்டால் மற்றவை அதே அச்சில் வந்து விழும்.

"எல்லா கார்டும் ஒரே உயரம் இருக்கணும்," என்றார் மாமா. "ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு நின்னுச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"சரி மாமா."

"ஆபீஸ்ல சார்."

"சரி சார் மாமா."

வாசகம் நீண்டால்தானே கார்டு நீளும் என்று அரைப்புள்ளி யோசித்தான். இத்தனை எழுத்துக்கு மேல் போனால் வெட்டு, வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வை என்று ஒரு வரி எழுதினான். முடிவில் அரைப்புள்ளியை மறக்காமல் வைத்தான். எல்லாக் கார்டிலும் 'சோதனை சோதனை சோதனை' என்று போட்டுப் பார்த்தான். சிப்பாய்கள்போல் வரிசை பிசகாமல் நின்றன. மாமாவே வந்து முதுகில் தட்டினார். தட்டியதில் கொஞ்சம் வலித்தது, பழக்கமில்லாத கை.

உண்மையான வாசகங்களை எழுதும் பொறுப்பைத் தலைமை டாக்டரம்மாவின் கணவர் எடுத்துக்கொண்டிருந்தார். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், தமிழ் அல்ல. 'கார்டு' என்று யாராவது சொன்னால் காதைக் குடைந்துகொண்டு 'அட்டை' என்று திருத்துவார். பக்கத்தின் தலைப்பையே 'எங்கள் மருத்துவ அட்டைகள்' என்றுதான் அனுப்பியிருந்தார். இரத்தம் உறிஞ்சுவதும் அட்டைதானே ஐயா என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. வாசகங்கள் கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. அரைப்புள்ளி படிக்காமலே உள்ளே ஏற்றினான். படிக்கிற பழக்கத்தைக் கல்லூரியோடு விட்டிருந்தான். அதாவது, கல்லூரியில் சேர்ந்த அன்றோடு.

ஆஸ்பத்திரியில் பெரிய திரை இருந்த ஒரே இடம் நோயாளிகள் காத்திருக்கும் கூடம். கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே மாமா மடிக்கணினியைத் திரையோடு இணைத்தார்.

"பாருங்கம்மா. ஒரு நூல்கூடக் கூடக்குறைய இருக்காது."

டாக்டரம்மா பார்த்தார். பக்கத்தில் வாத்தியார் பார்த்தார். கூடமே பார்த்தது.

முதல் கார்டு டாக்டரம்மாவுடையது: 'இவரிடம் வந்தவர்கள் அலறிக்கொண்டே வெளியே…'

இரண்டாவது: 'சொத்தையில்லாத பல்லைப் பிடுங்கிவிட்டார்…'

மூன்றாவது, குழந்தைகள் டாக்டர்: 'குழந்தைகளை மிரட்டுவது இவருக்குப் பிடிக்…'

ஓரத்தில் இருந்த ஒருவர் எழுந்தார். "எனக்கு வலி விட்டுடுச்சும்மா," என்று வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு நடையைக் கட்டினார்.

டாக்டரம்மா கணவர் பக்கம் திரும்பினார். "என்னைப் பத்தி எழுதின லட்சணம் இதுதானா?"

"எவன்டா என் வாக்கியத்துக்கு வாலை நறுக்குனவன்?" என்று வாத்தியார் எகிறினார். "'வெளியே ஓடியதாகச் சரித்திரமே இல்லை'ன்னு முடியும்மா அது! அடுத்தது, 'பிடுங்கிவிட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை'. கடைசி, 'பிடிக்காது'!"

"அந்த 'இல்லை'யை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"தமிழ்ல அது கடைசியிலதான் வரும். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நாப்பது வருஷம் என்கூட இருந்துட்டு, பாதி வாக்கியத்துல முடிவு பண்றியே!"

"பாதிக்கு மேல எப்பவாவது பேச விட்டிருக்கேனா, தெரியறதுக்கு?"

மாமாவின் முகம் வெளிறியது. "பையன் புதுசும்மா," என்றார். "யார் வீட்டுப் பையன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது."

"மாமா!" என்றான் அரைப்புள்ளி.

மெத்தை கண்முன்னால் விரிந்தது. பாய்ந்து மடிக்கணினியைப் பிடுங்கினான். வெட்டச் சொல்லி எழுதிய அந்த ஒற்றை வரியைத் தேடி அழித்தான். பக்கம் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டுத் திரும்ப வந்தது. வாக்கியங்களுக்கு வால் முளைத்திருந்தது. டாக்டர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். கார்டுகள் மட்டும் ஒன்று முழங்கால் வரை, ஒன்று கணுக்கால் வரை என்று இழுத்துக்கொண்டு நின்றன.

"ஐயோ, கோணலும் மாணலுமா ஆயிடுச்சே!" மாமா கண்ணை மூடிக்கொண்டார். "நாளைக்கே வேற ஆளை வெச்சு நேராக்கித் தரேம்மா."

"எல்லாம் நேரா இருந்துட்டா நாங்க எதை வெச்சுச் சாப்பிடறது?" என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை, அப்படியொரு வசதியே அந்த முகத்தில் இல்லை. "வேற ஆள் வந்தா அழகு பார்த்து மறுபடி வெட்டுவான். இந்தத் தம்பிக்குச் சூடு பட்டாச்சு, இனிமே கை நடுங்கும். தம்பியே பார்த்துக்கட்டும். இவர் உங்ககிட்ட இருக்கிறவரைக்கும் நாங்களும் உங்ககிட்ட இருக்கோம்."

மாமா கண்ணைத் திறந்தார். "எங்க இருந்து போகப் போறான்? மச்சினன்தானே!" என்று அரைப்புள்ளியின் தோளில் கை போட்டார்.

வேலை நிரந்தரமானது இப்படித்தான். ஆனால் வெட்டு இல்லை என்று வாத்தியாருக்குத் தெரிந்துபோனது. மறுவாரம் புதிய வாசகங்கள் வந்தன. டாக்டரம்மாவின் கார்டு மட்டும் உருட்டி உருட்டி விரல் தேயும் நீளம். பொத்தானைத் தேடி இறங்குகிற நோயாளி, டாக்டரம்மாவின் பள்ளிப் பரிசுகளையும், வாத்தியார் அவரைப் பெண் பார்த்த படலத்தையும் கடந்தாக வேண்டியிருந்தது.

"மாமா, ரொம்பப் பெருசா இருக்கு," என்றான் அரைப்புள்ளி. "லேசா ஒரு வெட்டு…"

"கையை வெட்டிடுவேன்," என்றார் மாமா. "படிச்சுப் பார்த்துட்டு ஏத்து."