மாடிக்காரரின் நாய்

“எதிர் ரூம் கதவைத் திறந்தாத்தான் திரும்பும்,” என்றார் மாடிக்காரர்.

அம்மாவின் தலைமாட்டை அவர் பிடித்திருந்தார். கால்மாட்டில் அண்ணன். ஸ்ட்ரெச்சர் பாதி அறைக்குள்ளும் பாதி நடையிலுமாக மாட்டிக்கொண்டு நின்றது. இந்த வீட்டு நடை அப்படி. பீரோ வாங்கின அன்றைக்கும் இதே கூத்துதான். தலைப்பக்கத்தை எதிர் அறைக்குள் கொஞ்சம் விட்டு, அப்புறம் கால்பக்கத்தை வாசலுக்குத் திருப்ப வேண்டும். வேறு வழியே கிடையாது.

“அந்த ரூம் வேணாம் சார். உள்ள ஒரே சாமான்,” என்றாள் சின்னவள்.

“இருந்தா இருக்கட்டும்மா. தலை நுழையற அளவுக்கு இடம் போதும்.”

“சாவி எங்கயோ வச்சுட்டேன்...”

“கையிலதானடி வச்சிருக்கே?” என்றான் அண்ணன். அவனுக்கு மூச்சு வாங்கியது. “சீக்கிரம் திற. கை விட்டுப்போகுது.”

சின்னவள் கையைப் பார்த்தாள். சாவி இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

உள்ளே இருந்தது மாடிக்காரரின் நாய்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு கட்டிக் கிடந்த நாய் அது. வெயிலானாலும் மழையானாலும் அதே இடம். போதாததற்கு பெல்ட் வேறு. “அடி வாங்கின நாய்தான் காவல் காக்கும்” என்பது மாடிக்காரரின் வாதம். அடித்து அடித்து அது குரைப்பதையே விட்டுவிட்டது. அப்புறம், குரைக்க மாட்டேன் என்கிறதே என்று அடித்தார்.

அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விலங்கு நல அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டாள். ஆய்வாளர் ஒருவர் வந்தார். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வந்தார் என்பதுதான் விசேஷம். அன்றைக்குப் பார்த்தால் தட்டு நிறையச் சோறு, கிண்ணம் நிறையத் தண்ணீர், தலைக்கு மேலே குடைகூட விரித்திருந்தது. குறையொன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். வக்கீலான அண்ணனிடம் கேட்டாள்.

“அம்மா, சட்டத்துல நாய் ஒரு சாமான். உன் மிக்ஸியை ஒருத்தன் எடுத்துட்டுப் போனா என்ன கேஸோ, அதே கேஸ்தான் இதுவும்.”

“மிக்ஸி நடுங்குமாடா?” என்று கேட்டாள் அம்மா. அண்ணன் சிரித்துவிட்டு போனை வைத்தான்.

போன வாரம் மாடிக்காரர் வெளியூர் போயிருந்த நேரத்தில், நெஞ்சு வலிக்கு மாத்திரை போடுகிற அம்மா மொட்டை மாடி வரைக்கும் ஏறி, அதை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். காப்பகத்தில் கேட்டால், “உரிமையாளர் கையெழுத்து இல்லாம எடுத்தா எங்களையே இழுத்து மூடிடுவாங்க” என்றார்கள். நாயைக் காணோம் என்று மாடிக்காரர் போலீசில் புகார் கொடுத்தார். எழுதிக் கொடுத்த புண்ணியவான் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அண்ணனேதான். தெரிந்த மனுஷர் ஆயிற்றே என்று சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். நாய் கீழ் வீட்டிலேயே இருக்கிற விஷயம் அம்மாவுக்கும் சின்னவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

மாடிக்காரரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. நேற்றுக் காலை அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தபோது குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு ஓடினது அவர்தான். கார் அவருடையது. பின்சீட்டில் சின்னவள் மடியில் கிடந்த அம்மா, அவள் காதைப் பிடித்து இழுத்து, “அவன்கிட்ட மட்டும் குடுத்துடாத” என்றாள்.

“என்னம்மா கேக்கறாங்க?” என்றார் மாடிக்காரர், வண்டியை ஓட்டிக்கொண்டே.

“தண்ணி சார்,” என்றாள் சின்னவள்.

அதுதான் அம்மா கடைசியாகப் பேசினது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காலை உடம்பாகத்தான் திரும்பி வந்தாள்.

சின்னவள் சாவியைத் திருப்பினாள். மாடிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஓடிப்போய்ச் சுவர் ஓரமாக ஒடுங்கியிருக்கக் கூடாதா அந்த நாய்? வயிறு தரையில் தேய ஊர்ந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. வாலை ஆட்டியது. படுத்தபடியே சிறுநீர் விட்டது.

மாடிக்காரர் நாயைப் பார்த்தார். சின்னவளைப் பார்த்தார். அப்புறம், தன் கைகளுக்கு நடுவில் இருந்த அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஓகோ,” என்றார். பிடி தளரவில்லை. “வக்கீல் சார், திருப்புங்க. கால்பக்கம் வாசலுக்கு. மெதுவா... அவங்களுக்கு அலுங்கக் கூடாது.”

கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

வண்டி மயானத்துக்குப் போன பிறகு சின்னவள் நாய் டாக்டருக்குப் போன் செய்தாள். அம்மாவுக்குத் தெரிந்தவர்.

“சர்டிபிகேட் தர்றேம்மா. தழும்பு, பழைய எலும்பு முறிவு, எல்லாத்தையும் எழுதித் தர்றேன். கோர்ட்டுல கண்டிப்பா நிக்கும்.”

“கேஸ் முடியற வரைக்கும் நாய் யார்கிட்ட சார் இருக்கும்?”

“அதை கோர்ட்டுதான் சொல்லணும். பெரும்பாலும் உரிமையாளர்கிட்டயே விட்டுடுவாங்க.”

“அதுக்குள்ள அது செத்துடுச்சுன்னா?”

டாக்டர் அம்மாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் எங்கே ஓடுவது? வாசலில் நாற்காலி போட்டுச் சொந்தக்காரர்கள். இவள் தனியாகக் குடியிருப்பதோ வாடகை வீடு, பூனைகூட வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. நீ பாட்டுக்குப் போய்விட்டாய், என் தலையில் கட்டிவிட்டு. அழுகையும் அப்போதுதான் வந்தது, காலையிலிருந்து வராத அழுகை.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணன் நேராகச் சமையலறைக்கு வந்து அவளை ஓரமாக இழுத்தான்.

“அவர் என்கிட்ட சொல்லிட்டாரு. ஒரு சத்தம் போடலை. ‘அம்மா வயசானவங்க, தெரியாம செஞ்சிட்டாங்க, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்’னாரு. நாயைக் குடுத்துடு.”

“தெரியாம செய்யலைண்ணா.”

“எனக்குத் தெரியாதா? நான் கையெழுத்துப் போட்ட புகார்டி அது! திருட்டுப் பொருள் எங்கம்மா வீட்டுலயே இருந்துதுன்னு வெளிய தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போவேன்? அம்மா பேரையும் திருடின்னு எழுதுவாங்க. இன்னிக்கேவா அது வேணும்?”

“அதை அடிச்சே கொன்னுடுவாரு.”

“உன்னையும் என்னையும்விட முன்னால வந்து அம்மாவைத் தூக்கினாரு அந்த மனுஷன்.” அண்ணனின் குரல் உடைந்தது. “நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

அதுவும் உண்மைதான்.

கூடத்தில் மாடிக்காரர் தேநீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“நீ ஏதாவது சாப்பிட்டியாம்மா?”

“இல்ல சார்.”

“சாப்பிடு. வெறும் வயித்தோட இருக்காதே.” டம்ளரை வைத்துவிட்டு எதிர் அறைப் பக்கம் நடந்தார். “நான் அதைக் கூட்டிட்டுப் போயிடறேன். உனக்கெதுக்கு வீண் தொல்லை?”

“நான் கொண்டு வர்றேன் சார்,” என்று சின்னவள் முந்திக்கொண்டாள்.

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். போட்ட பிறகுதான் தான் செய்தது என்ன என்றே அவளுக்குப் புரிந்தது. இதுவரைக்கும் திருடினது அம்மா. இந்த நிமிஷத்திலிருந்து அவள்.

“ஏய், என்ன பண்றே? திற!” அண்ணன் தட்டினான். “எல்லாரும் பாக்கறாங்கடி. திற!”

அவள் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். இன்றைக்குத் திறக்காமல் இருக்கலாம். நாளைக்கு? நாளை மறுநாள்? தண்ணீருக்காவது திறக்க வேண்டாமா?

“விடுங்க வக்கீல் சார்,” என்றது மாடிக்காரரின் குரல். கோபமே இல்லாத குரல். “தாயைப் பறிகொடுத்த பொண்ணு, அழட்டும். நாய் எங்க போயிடப் போகுது? நான் மேலதான் இருப்பேன்.”

மாடிப்படி அந்த அறையின் ஜன்னலை ஒட்டித்தான் ஏறியது. அவர் நிதானமாக ஏறுவது கேட்டது. நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அவளிடம் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, தலையைத் தூக்கி அந்தக் காலடிச் சத்தத்தையே கேட்டது. வால் மெல்ல ஆடியது.

சின்னவள் எழுந்து போய் ஜன்னலையும் சாத்தினாள்.